பொத்தானின் பின்பக்கம்

மந்தைவெளி,
சென்னை–28
17.1.1996

அன்புள்ள எமல்டா அக்காவுக்கு,

பவுலின் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அவரும் ஷெரினும் சுகம். நாக்பூரில் குளிர் குறைந்ததா? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை மற்றவர்களுக்கு மட்டும்தான் நீ நர்ஸா?

வருகிற மே மாதம் ஷெரினுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். இப்போதே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை. கவுனின் முதுகில் வரிசையாக வரும் பொத்தான்களைச் சுற்றி, பெற்ற தாய் தன் கையால் நூலில் டாட்டிங் பூ பின்னிப் போட வேண்டும். அம்மா முந்திப் போய்விட்டதால் எனக்கு நீ போட்டாய். எனக்கோ நூல் சுற்றிய அந்தக் குட்டி ஷட்டில் கடைசிவரை கைக்கு வரவில்லை. உனக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, இனி நூல் வேலை ஆகாது என்று நீ எழுதியதும், கடைப் பொத்தானே போதும் என்று கிறிஸ்துமஸ் அன்று சொல்லிவிட்டேன். ஷெரின் அழுதாள். அதிலிருந்து எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அது போகட்டும்.

விஷயம் வேறு. நேற்று அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கப் பையில் ஒரு பொத்தான். அதைச் சுற்றி வெள்ளை நூலில் பூ. அக்கா, அது நம் அம்மாவின் பூ. அதே வளையம், வளையத்துக்கு மூன்று காது, நடுக்காது மட்டும் கொஞ்சம் பெரிசு. நூல் புத்தம்புதுசு. ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பழைய கவுனை எடுத்துப் பார்த்தேன். கீழ்க்கோடிப் பொத்தான் இல்லை. கத்தரியால் அறுத்த நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நம் வீட்டுப் பூவை மாதிரிக்கு அறுத்துக்கொண்டுபோய் எவளிடம் கொடுத்திருக்கிறார்? அவள் எந்தப் பிள்ளைக்கு இதைப் பின்னுகிறாள்? இரண்டு கேள்வியும் என்னைத் தூங்க விடவில்லை. அவரிடம் கேட்கவில்லை. பொத்தானை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னல் பார்த்தே இன்னார் கை என்று சொல்பவள் நீ. பார்த்துச் சொல்.

உன் தங்கை,
பவுலின்


நாக்பூர்
29.1.1996

பிரியமுள்ள பவுலினுக்கு,

சேசுவின் இருதயம் உன்னையும் பிள்ளையையும் காக்க. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அப்படியே.

பொத்தான் நசுங்காமல் வந்து சேர்ந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இது பெண் கை, பல வருஷம் பழகிய கை. ஒரு வளையம்கூடக் கோணவில்லை. இந்த அளவுப் பொத்தான் சிறுமிகள் உடுப்புக்குத்தான் ஆகும். மீதியை நீயே யோசித்துக்கொள்.

உன் அத்தான் பிலாய்க்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று ஊருக்குச் சொன்னேன். எந்த மாற்றல், யாரோடு மாற்றல் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் முதலில் கிடைத்தது இத்தனூண்டு பொருள்தான், ஒரு கொண்டை ஊசி. கேட்டேன். சத்தியம் செய்தார். நம்பினேன். நெருப்பில்லாமல் புகையாது பவுலின். குப்பத்துப் பையன் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், நீ கேட்கவில்லை. இப்போது அதைச் சொல்லி என்ன?

ஒரு சின்ன விஷயம். உன் வீட்டுக்காரர் இப்போதும் நொச்சிக்குப்பம் பக்கம் போகிறாரா? ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வந்த பிறகும் வலை பின்ன உட்காருவது உண்டா? சும்மாதான் கேட்டேன்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

எமல்டா


மந்தைவெளி
9.2.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சுகம். ஷெரின் மட்டும் ஜெபமெல்லாம் தப்பில்லாமல் சொல்கிறாள்.

நீ எழுதியதுதான் சரி. பொத்தான் காணவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் பார்க்க வேண்டுமே. பையைக் கவிழ்த்து உதறினார். “பவுலினு, துவைக்கிறப்ப பையில எதனா இருந்துச்சா?” என்றார். “என்ன இருக்கணும்?” என்றேன். “ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். ஒன்றும் இல்லாததற்கா ஒரு மனுஷன் பையை அப்படி உதறுவான்?

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தாமதமாக வருகிறார். அடையாறு ஒர்க்‌ஷாப்பில் கணக்கெடுப்பு என்கிறார். வந்ததும் கை கழுவுகிறார், அதுவும் சோப்புப் போட்டு. நேற்று சோறு பிசையும்போது பார்த்தேன், ஆட்காட்டி விரலில் நூல் அறுத்த மாதிரி சிவப்புக் கோடு. “அட்டைப்பெட்டி கட்டுன கயிறு கீச்சிட்ச்சு” என்றார். கேட்பதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருந்தது.

நீ கேட்டாயே, ஆமாம், மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணன் வலையைச் சரிபார்க்கக் குப்பத்துக்குப் போவார். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததே இல்லை என்று அங்கே பெருமை. அது எதற்கு உனக்கு? அங்கேதான் யாராவது இருக்கிறாளா? மனசில் பட்டதை மறைக்காமல் எழுது.

பவுலின்


நாக்பூர்
19.2.1996

பிரியமுள்ள பவுலினுக்கு,

கர்த்தர் உனக்குத் தைரியம் தரட்டும். நான் நலம். வலையைப் பற்றி ஏதோ ஞாபகத்தில் கேட்டேன், அதை விட்டுவிடு.

இரண்டு நாள் தாமதம் என்றால் அந்த இரண்டு நாளும் அவர் போகிற இடம் ஒன்றுதான் இருக்கும். பின்னாலேயே போய்ப் பார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு, வாயைத் திறக்காதே.

இங்கே என் வீட்டுப் பக்கத்திலேயே கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம் இருக்கிறது. விசாரித்தேன். ஷெரினுக்கு இடம் கிடைக்கும். இரண்டாவது அறையில் சாமான்தான் அடைந்து கிடந்தது, எடுத்து வெளியே போட்டுவிட்டேன்.

எமல்டா


மந்தைவெளி
6.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று ஷெரினை மாடி வீட்டில் விட்டுவிட்டு அடையாறு ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனேன். அவர் பஸ்ஸில் ஏறினார். நானும் முன்வாசலில் ஏறி, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டத்தில் நின்றேன். கட்டின புருஷனைத் திருடனைப்போலத் தொடர்ந்துபோக வைத்துவிட்டாரே என்று அழுகையாக வந்தது. பாண்டி பஜாரில் இறங்கினார். ஒரு கடையிலும் நிற்கவில்லை. பின்னால் ஒரு சந்து. அதில் பச்சைக் கதவு போட்ட வீடு. தட்டக்கூட இல்லை, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், லட்சணமாகத்தான் இருக்கிறாள். அவள் எதிரே ஒரு சிறுமி, ஷெரின் உயரம். அந்தப் பெண் ஒரு வெள்ளைக் கவுனைப் பிள்ளையின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். இவர் பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

சந்து முனைப் பெட்டிக்கடையில் கேட்டேன். தையல்கார நஸ்ருன்னிசாவாம். புருஷன் இவரோடு ஒர்க்‌ஷாப்பில் இருந்து, போன வருஷம் குவைத் போனவனாம். இதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்குப் புதுநன்மைக் கவுன் எதற்கு என்று மட்டும் புரியவில்லை. ஆசைக்குப் போட்டுப் பார்ப்பார்களோ என்னவோ. என் பிள்ளைக்கு இல்லாத பொத்தான் அந்தப் பிள்ளைக்கு.

பவுலின்


நாக்பூர்
14.3.1996

பிரியமுள்ள பவுலினுக்கு,

மாதா உன் பக்கத்தில் இருப்பாளாக. அழாதே, அழுது ஆகப்போவது இல்லை.

எது புரிய வேண்டுமோ அது புரிந்துவிட்டது. மற்றதைத் தோண்டாதே. அவரிடம் கேட்டால் கதை சொல்வார், நீ நம்புவாய். அந்தப் பெண்ணின் வாசல்படியை மிதிக்காதே, நம் குடும்பத்துக்கு அது அழகில்லை. பரீட்சை முடிந்ததும் ஷெரினுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பு. ஏப்ரல் இருபதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். லீவுக்கு அக்கா வீடு என்று சொல்லிவிட்டு வா. புதுநன்மையை இங்கே வைத்துக்கொள்ளலாம், நம் சாமியார் நல்லவர்.

அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஷெரினுக்கு ஜன்னல் பக்கம் கட்டில் போடலாம்.

எமல்டா


மந்தைவெளி
28.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

டிக்கெட் வந்தது. பள்ளிக்கூடத்தில் டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். “என்ன திடீர்னு, அப்பாவுக்கு மாற்றலா?” என்று டீச்சர் கேட்டாள். ஆமாம் என்றேன். நீ ஊருக்குச் சொன்ன அதே பொய்.

இரண்டு ராத்திரியாக ஒன்று குடைகிறது. தவக்காலம் பிறந்ததிலிருந்து அவர் பீடியைத் தொடவில்லை. கேட்டால் “புள்ளைக்குப் புதுநன்ம வருதில்ல” என்கிறார். இன்னொரு குடும்பம் வைத்திருப்பவன் இப்படி இருப்பானா? இல்லை, இதுவும் நடிப்பா? எதைப் பார்த்தாலும் இரண்டு விதமாகத் தெரிகிறது. பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

அக்கா, அந்தப் பொத்தானை நல்ல வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை பார். உன் வார்த்தையை நம்பித்தான் என் குடித்தனத்தைக் கலைக்கிறேன். நிச்சயம்தானா?

பவுலின்


நாக்பூர்
5.4.1996

பவுலினுக்கு,

பெரிய வெள்ளி. கோயிலுக்குப் புறப்படுகிறேன், அதனால் சுருக்கமாக.

பார்த்தேன். சொன்னது சொன்னதுதான். ஸ்டேஷனில் நிற்பேன்.

எமல்டா


மந்தைவெளி
16.4.1996

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ எப்படி என்று விசாரிக்கிறேன், ஆனால் கோபத்தோடு விசாரிக்கிறேன்.

நேற்று பயணத்துக்குப் பெட்டி வாங்கப் பாண்டி பஜார் போனேன். போகாதே என்று நீ எழுதினாய். மனசு கேட்டது, கால் கேட்கவில்லை. பச்சைக் கதவைத் தட்டினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் நாக்கில் தீட்டிக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“யக்கா, நீ ஷெரின் அம்மாதானே? சர்ச்சு போட்டோல பாத்துக்கீறேன். ஐயோ, அண்ணன் உனக்குத் தெரியவே கூடாதுன்னாரே! உள்ள வாக்கா.”

உள்ளே கட்டிலில் அவள் மாமியார் அமீனா பீ காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு நேரே இல்லாததால் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் வரும் நாளெல்லாம் அந்தம்மாதான் காவல். சுவரில் ஷெரினுடைய கவுன் தொங்கியது. ஆமாம், ஷெரினுடையது. இரண்டு பிள்ளைக்கும் ஒரே உயரம் என்று தன் மகளுக்கு வைத்து அளவு பார்த்திருக்கிறாள். முதுகில் மேலிருந்து கீழ்வரை பொத்தான், சுற்றிலும் அம்மாவின் பூ. கீழே ஒன்று மட்டும் காலி.

“பொம்பளைங்க வேலைன்னு சிரிக்காத நஸ்ருன்னிசா, கத்துக் குடுன்னாரு. வரலன்னா வூட்ல அசிங்கமாப் பூடும், வந்தப்புறம் சொல்லிக்கலாம்னாரு. முதல்ல வளையமே மூடல. முடிச்சு எந்த நூலு மேல வுழணும்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்ட காஞ்சிட்ச்சு. அந்தப் பெரிய வெரலு நூல இழுத்தா அறுந்து போவும். வுடல மனுசன். பொங்கலுக்குத்தான் முதல் பட்டன் ஒழுங்கா வந்துச்சு. அத்த காட்டிக்கினே இருந்தாரு, எங்கியோ தொலச்சிட்டாரு பாவம்.”

அக்கா, கிறிஸ்துமஸ் அன்று நான் சொன்னதை உனக்கு எழுதவில்லை. “பொத்தான் பின்ன என் அம்மா இல்லை, உங்க பக்கத்துக் கைக்கு வலைதான் பின்னத் தெரியும்” என்றேன். அவர் எழுந்து போனார். போனது அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்குத்தான்.

நஸ்ருன்னிசா கவுனைத் திருப்பிக் காட்டினாள். “எல்லாம் கத்துக்கினாரு. கடேசி முடிச்சு மட்டும் நான் சொல்றாப்பல போட மாட்டாரு. வலை முடிச்சுதான் போடுவேன், அதான் அவுராதுன்னுட்டாரு. பின்னாடி பாருக்கா. சாந்தோம் பக்கம் பொறந்த யாரா இருந்தாலும் ஒரே பார்வைல சொல்லிடுவாங்க, வலைக்காரன் கைன்னு.”

நான் முன்பக்கத்துப் பூவைத்தான் பார்த்தேன். திருப்பிப் பார்க்கவில்லை, எனக்கு வேலை தெரியாது. எந்த நூல் வேலையையும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பவள் நீ. சாந்தோமில் நம் வாசலுக்கு எதிரேதானே வலை காய்ந்தது? பொத்தான் கிடைத்த உடனே நீ எழுதிய முதல் கடிதத்திலேயே வலை பின்னுகிறாரா என்று கேட்டாய். அப்போதே உனக்குத் தெரியும். நூல் வேலை செய்யக் கண் தெரியாதவளுக்குப் பெண் கை என்று சொல்ல மட்டும் கண் தெரிந்ததா?

இத்தனை மாதமாக அவர்மேல் சந்தேகப்பட்டேன். யார்மேல் பட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தெரிகிறது. டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். பொத்தானை அனுப்பு. கவுனில் அதன் இடம் காலியாக இருக்கிறது.

பவுலின்


நாக்பூர்
4.5.1996

பவுலினுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பொத்தானைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பருத்தியில் சுற்றி மாத்திரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. பின்பக்க முடிச்சை நான் தொடவில்லை. நம் முறைப்படி இல்லைதான், ஆனால் உறுதியாக இருக்கிறது. இழுத்துப் பார்த்தேன்.

கண் ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டாவது அறையில் சாமான்களைத் திருப்பிப் போடவில்லை. சும்மாதான் கிடக்கிறது.

ஷெரினுக்கு ஆசீர்வாதம். அவருக்கும் சொல்.

எமல்டா


மந்தைவெளி
14.5.1996

அன்புள்ள எமல்டா அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. உனக்கு அங்கே இன்னும் அதிகம் இருக்கும், மோர் குடி.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை நல்லபடியாக நடந்தது. கோயிலில் ஷெரின் முன்பக்கம் பார்த்து நிற்கவே இல்லை. எல்லாரும் முதுகைப் பார்க்க வேண்டும் என்று திரும்பித் திரும்பி நின்றாள். “எங்கப்பா பின்னது” என்று சாமியாரிடமே சொல்லிவிட்டாள். இவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நஸ்ருன்னிசா மகளோடு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தேன். நீ அனுப்பிய பொத்தான் முந்தின நாள்தான் வந்தது. கீழ்க்கோடியில் நானே தைத்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரிக்க எனக்குத் தெரியாது. ஆனால் நீ வெள்ளையடித்த அறை நினைப்பைவிட்டுப் போகவில்லை. தனியாக இருக்கிறேன், வா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் முன்னாலேயே வந்திருப்பேனே அக்கா. மே கடைசி வாரம் மூன்று பேரும் வருகிறோம், பள்ளிக்கூடம் திறக்கும்வரை இருப்போம். “அக்கா மீனு துன்னுமா?” என்று கேட்கிறார். துன்னும் என்று சொல்லிவிட்டேன். தின்ன வேண்டும்.

அந்தப் பொத்தான் எப்படித் திரும்பி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நேற்று மனசு கேட்காமல், ஷெரினுக்கு டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததை நானே சொன்னேன். கவுனை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும். டீச்சரு ஒர்க்‌ஷாப்புக்கே போன் பண்ணிச்சு, எந்த ஊருக்கு மாத்தல்னு. தவக்காலத்துலயே.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா நீ கெளம்பிடுவ. கேக்கலன்னா பட்டன் முடியற வரிக்குமாவது இருப்ப. அப்பிடியே போறதா இருந்தாலும் புள்ள போட்டுக்கினு போவட்டும்னு செவ்வா, வெள்ளியோட சனிக்கிழமையும் போயி உக்காந்தேன்.”

அந்தச் சனிக்கிழமைகளைத்தான், பார்த்தாயா இப்போது சனியும் சேர்ந்துவிட்டது என்று நான் மனசுக்குள் கணக்கு வைத்தேன். என்மேல் சந்தேகப்பட அவருக்கு எல்லாம் கையில் இருந்தது அக்கா. அந்தக் கையால் அவர் பொத்தான் பின்னிக்கொண்டிருந்தார்.

உன் தங்கை,
பவுலின்